மூன்று திரை, இரண்டு கரை

ஒரே நேரத்தில் மூன்று மானிட்டர் ஓடும் கம்ப்யூட்டர் வேண்டும் என்று காஞ்சிபுரத்தில் முதன்முதலில் கேட்டவள் நானாகத்தான் இருக்க வேண்டும். இல்லை, எனக்கு முன்பே ஒருவர் கேட்டார் என்று யாராவது வந்து சொன்னால் ஒப்புக்கொள்வேன். அதுவரை இந்த அற்ப சந்தோஷத்தை விட்டுக்கொடுப்பதாக இல்லை. பஸ் ஸ்டாண்டு பக்கம் நான் ஏறிய முதல் கடையில், "கண்ணு ரெண்டுதானம்மா இருக்குது, மூணு டிவி எதுக்கு?" என்று கேட்டுவிட்டு அடுத்த ஆளைக் கவனிக்கப் போய்விட்டார்கள். இரண்டாவது கடையில் நான் ஏதோ கேபிள் டிவி கம்பெனி வைக்கப் போகிறேன் என்று நினைத்து நாற்காலி போட்டு உட்காரவைத்தார்கள். உண்மையைச் சொன்னதும் நாற்காலியைத் திரும்பக் கேட்காததுதான் பாக்கி.

உண்மை இதுதான். நான் பட்டுப் புடவைக்கு டிசைன் போடுகிறவள். தறியின் தலைமேல் இருக்கும் ஜக்கார்டு பெட்டியில் துளை போட்ட அட்டைகளைக் கோத்துத் தொங்கவிட்டிருப்பார்கள். எந்த இழை மேலே எழ வேண்டும், எது கீழே கிடக்க வேண்டும் என்பதை அந்தத் துளைகள் தீர்மானிக்கும். துளை எங்கே விழ வேண்டும் என்பதைத் தீர்மானிப்பது என் வேலை. கட்டம் போட்ட தாளில் வண்ணம் தீட்டிச் செய்த வேலை அது. நான் வந்தபோது கம்ப்யூட்டருக்கு மாறிக்கொண்டிருந்தது. கல்யாணத்துக்கு முன்பு பெரிய காஞ்சிபுரத்தில் ஒரு டிசைன் சென்டரில் இருந்தேன். கல்யாணமாகிச் சின்ன காஞ்சிபுரம் வந்து, மகள் பிறந்ததும் வேலையை விட்டேன். நான் விட்டாலும் கை விடவில்லை. கோலம் போட உட்கார்ந்தால் வாசலில் புடவைக் கரையின் தாழம்பூ ரேக்குதான் வந்தது.

இதைக் கவனித்தவள் என் கணவரின் அண்ணன் மனைவி. ஒரே வீட்டில் இருந்த என் ஓர்ப்படி. நான் அக்கா என்றுதான் கூப்பிடுவேன். அவளுக்கு நிறம் என்றால் உயிர். கடையில் அடுக்கியிருக்கும் சிவப்புத் துணிகளில் எது அரக்கு, எது குங்குமம், எது மிளகாய்ப்பழம் என்று தெருவில் நின்றபடியே சொல்வாள். அதோடு விடவும் மாட்டாள். தப்பாகச் சொன்ன கடைக்காரரோடு சண்டைக்கும் போவாள். "கட்டம் நீ போடு, கலர் நான் பாத்துக்கிறேன். முன்ரூம் சும்மாதான கெடக்குது" என்று ஒரு நாள் சொன்னாள். எங்கள் தொழில் அப்படித்தான் ஆரம்பித்தது.

முன்ரூம் சும்மா கிடக்கவில்லை என்று மாமனார் நினைத்தார். நெசவாளர் கூட்டுறவுச் சங்கத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். கெட்டவரல்ல. எதற்கும் உடனே சரி என்று சொல்லிவிட்டால் நாக்கு தேய்ந்துவிடும் என்று நினைப்பவர். "தெருவுல எல்லாரும் ஜெராக்ஸ் கடைக்கு, ரீசார்ஜ் கடைக்குன்னு ரூமை வுட்டுக்கினு இருக்காங்க. சரி, வைகாசி கருட சேவை வரைக்கும் பாக்குறேன். அதுக்குள்ள ஒரே ஒரு ஆர்டர் புடிங்க, ரூம் உங்களுது. இல்லாங்காட்டி வாடகைக்குத்தான்" என்றார்.

அவர் வார்த்தையோடு நிற்கிற ஆள் இல்லை. அன்றைக்கே ஒரு கெட்டி அட்டையை வெட்டி, "ரூம் வாடகைக்கு" என்று முத்து முத்தாக எழுதி, கயிறு கோத்து, கதவுக்குப் பின்னால் ஆணியில் மாட்டிவிட்டார். வாசலில் மாட்டவில்லை, அந்த மட்டும் கருணை. ஆனால் நாங்கள் கதவைத் திறந்து மூடும்போதெல்லாம் அது கதவில் முட்டி டொக்கென்று சத்தம் போட்டது. எனக்கு எரிச்சலாக இருக்கும். அக்கா ஒவ்வொரு தடவையும் "வந்துட்டோம், வந்துட்டோம்" என்று அதற்குப் பதில் சொல்வாள்.

ஆர்டருக்கு நான் நம்பியது ஒரே ஒருவரைத்தான். காந்தி ரோட்டில் பட்டுக் கடை வைத்திருந்த முதலாளி ஒருவர். பழைய சென்டரில் என் கைவேலையைப் பார்த்திருந்தார். ஒரு கல்யாணத்துக்குக் கங்கா ஜமுனா புடவை டிசைன் தேடிக்கொண்டிருக்கிறார் என்று கேள்விப்பட்டோம். வழக்கமான புடவையில் இரண்டு ஓரத்துக் கரையும் ஒரே மாதிரி இருக்கும். கங்கா ஜமுனாவில் இந்தக் கரை ஒரு நிறம், அந்தக் கரை வேறு நிறம். நான் ஒரு பக்கம் பச்சையும் மறுபக்கம் அரக்கும் வைத்து, நடுவில் மாம்பழ நிறத்தில் கட்டம் போட்ட உடலுமாக ஒன்று வரைந்தேன். வீட்டில் இருந்த பழைய கம்ப்யூட்டரில் போட்டு, முதலாளியை அழைத்துக் காட்டினோம்.

காட்டினோம் என்றா சொன்னேன்? பச்சைக் கரையைக் காட்டும்போது அரக்குக் கரை திரைக்கு வெளியே இருந்தது. அதைக் கொண்டுவந்தால் பச்சை போய்விட்டது. முழுவதும் தெரியட்டும் என்று சுருக்கினால், கரையில் நான் வரைந்திருந்த கோபுரமெல்லாம் எறும்பு வரிசையாகிவிட்டது. முதலாளி கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டிக்கொண்டார். பிறகு, "டிசைன் நல்லா இருக்குதும்மா" என்றார்.

எங்கள் இருவர் முகத்திலும் ஈயாடவில்லை. எங்கள் ஊரில் பட்டு முதலாளி ஒருவர் நன்றாக இருக்கிறது என்று சொன்னால் கதை முடிந்தது. எடுக்கப் போகிறவர் பாராட்டமாட்டார். கூலி ஏறிவிடும். குறை சொல்வார். இதை மாற்று, அதைக் குறை என்பார். பாராட்டு என்பது செருப்பைத் தேடுகிறார் என்பதற்கு அடையாளம்.

அக்கா விடவில்லை. "இன்னா குறைன்னு சொல்லிட்டுப் போங்க ஐயா" என்று வாசலை மறித்தாள்.

"குறை சொல்றதுக்குப் பாக்கணுமேம்மா. புடவையை மடிச்சு கையில வெச்சுக்கினு, வாங்கிக்கோன்ற மாதிரி இருக்குது. பச்சையும் அரக்கும் ஒண்ணா நின்னா எப்பிடி இருக்குதுன்னு எனக்குத் தெரிய வேணாமா? கருட சேவைக்கு இந்தப் பக்கம் வருவேன். விரிச்சுக் காட்டு, அப்ப பேசலாம்."

அவர் போனதும் அக்கா மூன்று சாப்பாட்டுத் தட்டுகளைக் கொண்டுவந்து மேஜைமேல் வரிசையாக நிறுத்திச் சுவரில் சாய்த்தாள். "இது பச்சை. இது உடல். இது அரக்கு. மூணு டிவி பொட்டி வெச்சா விரிச்ச மாதிரிதானே?" என்றாள். எனக்கு உடம்பெல்லாம் சிலிர்த்தது. கம்ப்யூட்டர் படித்தவள் நான், தோன்றியது அவளுக்கு. பொறாமைப்படக்கூட நேரமில்லை, வைகாசி பிறந்திருந்தது.

அப்படித்தான் கடை கடையாக ஏறினேன். மூன்றாவது கடை பிள்ளையார்பாளையம் போகிற வழியில் இருந்தது. கடைக்காரர் தறி வீட்டில் பிறந்தவர். தறிச் சத்தத்துக்குப் பயந்து கம்ப்யூட்டருக்கு வந்ததாகவும், இங்கே வாடிக்கையாளர் சத்தம் அதைவிட அதிகம் என்றும் சொன்னார். நான் கேட்டதற்குச் சிரிக்காத முதல் மனிதர் அவர்தான்.

நல்ல கம்ப்யூட்டர் என்றால் வேகம், மெமரி, ஹார்டு டிஸ்க் என்று நான் மனப்பாடம் செய்துகொண்டு போயிருந்தேன். அவர் அதில் எதையும் பேசவில்லை. இரண்டு பெட்டிகளின் பக்கத் தகட்டைக் கழற்றி உள்ளே பார்க்கச் சொன்னார். ஒன்று சின்னது, அழகானது, மேஜைமேல் வைத்தால் எடுப்பாக இருக்கும். இன்னொன்று மருந்துக் கடை பீரோவின் தம்பி போல நெட்டையாக நின்றது.

"இந்தச் சின்னதுல டிஸ்ப்ளே போர்டுலயே வந்துடுது மேடம். ஒரு மானிட்டருக்குத் தனியா எதுவும் வேணாம்."

"அப்ப இதுல ஒண்ணு, ஒரு கார்டு போட்டு அதுல ஒண்ணுன்னு வெச்சா, ரெண்டு வந்துடுமே அண்ணா?"

"வராது. நீங்க கார்டு போட்டா போர்டுல இருக்கிறது தூங்கிடும். ரெண்டு பேருக்கும் ஆவாது." நெட்டைப் பெட்டிக்குள் விரலை நீட்டினார். மதர்போர்டில் ஒரு தனி ஸ்லாட்டும், அதற்குக் கீழே வெள்ளை ஸ்லாட்டுகள் வரிசையாகவும் இருந்தன. "உங்களுக்கு வேண்டியது இடம் மேடம். ஒரு மானிட்டருக்கு ஒரு கார்டு. மேல இருக்கிறதுல ஒண்ணு, வெள்ளையில ரெண்டு. சின்னதுல அதுக்கு வழியே இல்ல."

எனக்கு அந்தச் சின்னதின் மேல்தான் ஆசை. ஆசையை அங்கேயே விட்டுவிட்டு நெட்டையைச் சொல்லிவிட்டு வந்தேன். கிளம்பும் அவசரத்தில், எப்படி வைக்கப் போகிறோம் என்று அவர் கேட்டதற்கு, "நடுவுல உடல், ரெண்டு பக்கமும் கரை" என்று ஒரே வரியில் சொன்னேன். தறி வீட்டுப் பிள்ளை, புரியாமலா போகும் என்று நினைத்தேன். அவருக்கு நன்றாகவே புரிந்தது. அதுதான் வினையாயிற்று.

வீட்டில் மாமனார் விசாரித்தார். மூன்று கார்டு போடப் போகிறோம் என்றேன். அவருக்குக் கார்டு என்றால் ஜக்கார்டு அட்டைதான். "மூணு அட்டையில இன்னாம்மா வரும்? ஒரு மொக்கு கூட முடியாதே" என்று உண்மையிலேயே கவலைப்பட்டார். இது வேறு கார்டு, கம்ப்யூட்டருக்குள் ஸ்லாட்டில் மாட்டுவது என்று அக்கா விளக்கினாள். அவர் கதவுப் பக்கம் கையைக் காட்டி, "எங்கிட்டயும் ஒரு கார்டு மாட்டி வெச்சிருக்குது" என்று சொல்லிவிட்டுப் பேப்பர் படிக்கப் போனார்.

கம்ப்யூட்டர் ஆட்டோவில் வந்து இறங்கியது. மானிட்டர் ஒவ்வொன்றும் சாக்கு மூட்டை கனம். கடைக்காரரே வந்து மாட்டினார். டிசைனைத் திறந்தேன். நடுத்திரையில் மாம்பழ நிற உடல் வந்தது. இடத்திரையில் பச்சைக் கரை வந்தது. வலத்திரையிலும் பச்சைக் கரையே வந்தது. அதுவும் எப்படி? கரையின் கோபுர முனைகள் உடலைப் பார்த்து இருக்க வேண்டும். இடப்பக்கம் அப்படி இருந்தன. வலப்பக்கம் அத்தனை கோபுரமும் உடலுக்கு முதுகைக் காட்டி, ஜன்னல் வழியாகத் தெருவை வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்தன.

"இன்னாண்ணா இது?" என்றேன்.

அவருக்கு வாயெல்லாம் பல். "மூணாவது கார்டு எதுக்கு மேடம் தண்டமா? ரெண்டு பக்கமும் கரைன்னு சொன்னீங்க. கரை ரெண்டும் ஒண்ணுதானே? ரெண்டே கார்டு போட்டு, ஒரு வயரை ரெண்டாப் பிரிச்சு இந்தப் பக்கம் ஒண்ணு, அந்தப் பக்கம் ஒண்ணு வுட்டுட்டேன்." எங்களுக்குச் செலவு மிச்சம் பண்ணிய பெருமையில் நெஞ்சை நிமிர்த்தி நின்றார். வேறு ஊர்க் கடைக்காரருக்கு இந்த யோசனையே வந்திருக்காது. பிறந்ததிலிருந்து இரண்டு பக்கமும் ஒரே கரையைப் பார்த்து வளர்ந்த ஆளுக்குத்தான் வரும்.

எனக்குக் கோபமும் அழுகையும் ஒன்றாக முட்டிக்கொண்டு வந்தன. கருட சேவைக்கு வரும் உறவுக்காரர்களுக்காக மாமனார் பாய்களை வெயிலில் உலர்த்த ஆரம்பித்திருந்தார். ஒவ்வொரு திரையிலும் தனிப்படம் வேண்டும், டெஸ்க்டாப் நீள வேண்டும், நகல் எடுக்கக் கூடாது என்று எனக்குத் தெரிந்த கம்ப்யூட்டர் வார்த்தை எல்லாவற்றையும் அவர்மேல் கொட்டினேன். அவர் தலையைச் சொறிந்தார். "தனித்தனின்னா… ரெண்டு பக்கமும் கரைதானே மேடம்?" என்று மறுபடி ஆரம்பித்த இடத்துக்கே வந்தார்.

அக்கா அடுப்படியிலிருந்து வந்தாள். ஒரு பார்வை பார்த்தாள். "யோவ் அண்ணா, இது கங்கா ஜமுனாய்யா" என்றாள்.

அவ்வளவுதான். அவர் முகம் மாறியதை இன்றைக்கும் என்னால் சொல்ல முடியும். கண் முதலில் பச்சைக்குப் போனது, பிறகு உடலுக்கு, பிறகு தப்பான பச்சைக்கு. நாக்கைக் கடித்துக்கொண்டு என்னைப் பார்த்தார். "அய்யய்யோ, இதை மொதல்லயே சொல்லக் கூடாதா தங்கச்சி? இந்தக் கரை வேற, அந்தக் கரை வேற. அப்ப மூணு கார்டுதான். மூணுக்கும் தனித்தனி வயரு." அதுவரை மேடமாக இருந்தவள் அந்த நொடியில் தங்கச்சியானேன். கொட்டியதை எல்லாம் அள்ள முடியாதே என்று கொஞ்சம் வெட்கமாக இருந்தது, ஆனால் சிரிப்பு அதை அடித்துக்கொண்டு போய்விட்டது. அவர் பிரித்த வயரைக் கையோடு கழற்றிச் சட்டைப் பையில் திணித்துக்கொண்டு, மூன்றாவது கார்டுக்காக மெட்ராஸ் பஸ் ஏறினார்.

மறுநாள் கார்டோடு வந்தார். வெள்ளை ஸ்லாட்டில் அழுத்தி மாட்டி, ஸ்க்ரூவை முடுக்கினார். செட்டிங்கில் ஒன்று, இரண்டு, மூன்று என்று மூன்று கட்டங்கள் தெரிந்தன. அவற்றை இழுத்துப் பக்கத்தில் பக்கத்தில் நிறுத்திவிட்டு, "இப்ப மவுஸைத் தள்ளு தங்கச்சி" என்றார். அம்புக்குறி இடத்திரையின் ஓரத்துக்குப் போனது, மறைந்தது, நடுத்திரையில் முளைத்தது, அதையும் கடந்து வலத்திரைக்குள் நுழைந்தது. "நாடா ஓடுற மாதிரி ஓடுதுடி!" என்று அக்கா கைதட்டினாள். நூலோடு குறுக்கும் மறுக்கும் ஓடும் தறி நாடாவின் சத்தத்துக்குப் பயந்து வந்த கடைக்காரர், மவுஸை என்னிடமிருந்து வாங்கி, இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் விட்டு விட்டுப் பார்த்துக்கொண்டிருந்தார்.

மீதி வேலை அக்காவுடையது. மூன்று மானிட்டரும் பழசு, ஒவ்வொன்றும் ஒரு வயது, ஒரே அரக்கு வலத்திரையில் கத்தரிக்காயாகத் தெரிந்தது. சாயம் போட்ட பட்டு நூல் கண்டுகளை வாங்கிவந்து திரைக் கண்ணாடிமேல் வைத்துப் பிடித்தாள். மானிட்டரின் பொத்தான்களை ஒவ்வொன்றாக அழுத்தி, நூலும் திரையும் ஒன்றாகும்வரை அவள் விடவில்லை. எங்களால் சரிசெய்ய முடியாதது ஒன்றுதான். நடு மானிட்டர் மற்ற இரண்டையும்விட ஒரு விரற்கடை குள்ளம். அதனால் கரையின் கோபுர முனைகள் உடலின் கட்டத்துக்கு நேராக நிற்காமல் கொஞ்சம் ஏறி நின்றன. ஏதாவது முட்டுக் கொடுக்கலாம் என்று சொல்லிக்கொண்டே இருந்தோம். வீடு நிறைய ஆட்கள் வந்து இறங்கியதில் மறந்தே போனது.

கருட சேவை அன்று விடியற்காலையில் பெருமாள் குடையோடு கோபுர வாசலுக்கு வந்து, எங்கள் தெரு வழியாகப் போனார். கும்பிட்டுக்கொண்டே என் மனம் கரண்டைப் பற்றி நினைத்தது. குடை கம்பியில் பட்டுவிடாமல், உற்சவம் தெருவைத் தாண்டும்வரை கரண்டை நிறுத்திவைப்பார்கள். முதலாளி தரிசனம் முடிந்து, நெற்றியில் வேர்வையோடு எங்கள் வீட்டுக்குள் நுழைந்தபோது மூன்று திரையும் கறுப்பாக இருந்தன. முன்ரூமில் உறவுக்காரர்களின் பைகளும் பாய்களும் மேஜைக் கால்வரை கிடந்தன. மாமனார் ஒரு ஓரத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். கதவு திறந்ததும் அந்த அட்டை டொக்கென்றது. அக்காகூட அதற்குப் பதில் சொல்லவில்லை.

"காபி குடிச்சுட்டுக் கெளம்புறேம்மா. கரண்டு எப்ப வருமோ" என்றார் முதலாளி. அக்கா காபியைக் கொதிக்கக் கொதிக்கக் கொண்டுவந்தாள். சீக்கிரம் குடிக்க முடியாதபடி வேண்டுமென்றே அப்படிச் செய்தாள் என்று பிறகு சொன்னாள். அவர் ஊதி ஊதிக் குடித்து, பாதி டம்ளருக்கு வந்தபோது தலைக்குமேல் ஃபேன் முனகியது.

கம்ப்யூட்டர் எழுந்து வருவதற்குள் எனக்கு ஒரு பிரசவம் பார்த்த மாதிரி இருந்தது. இடத்திரை வெளுத்தது, நடுத்திரை வெளுத்தது, வலத்திரை கடைசியாக வெளுத்தது. டிசைனை மூன்று ஜன்னலாகத் திறந்து ஒவ்வொன்றையும் அதனதன் இடத்துக்குத் தள்ளினேன். பச்சை, மாம்பழம், அரக்கு. மேஜையின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை புடவை விரிந்து கிடந்தது.

முதலாளி டம்ளரைக் கீழே வைத்தார். இரண்டடி பின்னால் போய்ப் பார்த்தார். முன்னால் வந்தார். பச்சைக் கரையருகில் கையைக் கொண்டுபோய், கட்டை விரலுக்கும் ஆட்காட்டி விரலுக்கும் நடுவில் துணியைப் பிடித்துப் பார்க்கிற மாதிரி விரல்களை உரசினார். அவருக்கே அது தெரியவில்லை. நன்றாக இருக்கிறது என்று மட்டும் சொல்லிவிடாதே பெருமாளே என்று நான் வேண்டிக்கொண்டேன்.

"இன்னாம்மா இது" என்று முகத்தைச் சுளித்தார். "பச்சைக் கரை அகலம் ஜாஸ்தி. அரக்கை அமுக்குது பாரு. ஒரு விரல் கொறை. உடல்ல கட்டம் நெருக்கமா இருக்குது, தள்ளித் தள்ளி வை. ஜக்கார்டு அட்டை எப்ப அடிச்சுத் தருவே?"

அக்கா என் முதுகில் கிள்ளிய இடம் இரண்டு நாள் கன்றிப்போய் இருந்தது. வலிக்கவில்லை, அவ்வளவு சந்தோஷம். முதலாளி இன்னும் குறை சொல்லிக்கொண்டே இருந்தார். ஒவ்வொரு குறைக்கும் என் உச்சி குளிர்ந்தது.

சங்கத்தில் காலமெல்லாம் முதலாளிகளைப் பார்த்தவர் மாமனார். குறைக்கு என்ன அர்த்தம் என்று அவருக்கும் தெரியும். எழுந்தார். கதவுக்குப் பின்னால் போய், ஆணியிலிருந்து "ரூம் வாடகைக்கு" அட்டையைக் கழற்றினார். கயிற்றை உருவினார். அதைக் கையில் வைத்துக்கொண்டு என்னிடம் வந்து, முதலாளி இருப்பதையும் பார்க்காமல், முகத்தில் சிரிப்பே இல்லாமல் கேட்டார்.

"மூணு கார்டு மாட்டினீங்களே. இந்தக் கார்டை எந்த ஸ்லாட்டுல மாட்டணும்?"

அக்காதான் சொன்னாள். "நடு மானிட்டருக்கு அடியில வைங்க மாமா. அதுதான் எறக்கமா இருக்குது."

நானும் அக்காவும் ஆளுக்கொரு பக்கம் பிடித்து அந்த மானிட்டர் மூட்டையைத் தூக்கினோம். அவர் அட்டையை நாலாக மடித்து அடியில் செருகி, கையால் தட்டிச் சரிசெய்தார். பிறகு, ஓரக் கண்ணால் மூன்று திரையையும் ஒரு தடவை பார்த்துவிட்டு, "இப்ப மட்டமா இருக்குதா பாருங்க" என்றார்.

கோபுர முனைகள் இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் கட்டத்துக்கு நேராக வந்து நின்றிருந்தன.